நீலக் காரும் முப்பத்தெட்டுக் குடமும்

குருவிமடையில் பட்டறைத் தெருக் கிணற்றுக்குத் தண்ணீர் ஏறிய கதையை ஆளுக்கொரு மாதிரி அளப்பார்கள், ஆனால் அந்தத் தண்ணீர் இறங்கிய கதைக்கு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அதைச் சொன்னால் இருளப்பன் பெயரையும் சொல்லியாக வேண்டும், அவன் பெயரைச் சொன்னால் பாதித் தெரு பல்லைக் கடிக்கும், மீதித் தெரு மூக்கைச் சிந்தும். நமக்கென்ன வந்தது, சொல்லிவிடுவோம்.

அந்தத் தெருவில் ஒன்பது வருஷமாகக் கிணறு வறண்டு கிடந்தது, எட்டு நாளைக்கு ஒரு தரம் லாரித் தண்ணீர், மற்ற நாளெல்லாம் ரெண்டு மைல் நடை, அதனால் அந்தத் தெருவுக்குப் பெண் கொடுக்க எந்தத் தகப்பனும் முன்வரவில்லை, பட்டறைத் தெருவா, என் மகள் குடம் தூக்கியே இடுப்பொடிஞ்சு போகவா என்று தரகரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், அப்படியே முப்பது தாண்டிய ஆண்பிள்ளைகள் பதினோரு பேர் அந்தத் தெருவில் தேங்கிப்போனார்கள். இருளப்பன் அதில் ஒருத்தன். முப்பத்தாறு வயசு. தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான், லாரியோ டிராக்டரோ எதில் கரண்டுக் கோளாறு என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், கை சுத்தமான வேலை, வாய்தான் செலவாகாது. அவனுடைய அக்கா ராக்கம்மாள் தம்பிக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று வேண்டாத கோயில் கிடையாது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வெளிர்நீலக் கார் ஒன்று தெருவுக்குள் வந்து, சரியாகக் கிணற்றடியில் விக்கி விக்கி நின்றுபோனது. அறுபத்தொன்றாம் வருஷத்து வண்டி, கம்பெனி பெயர் எதற்கு, வம்பு. ஓட்டி வந்தவர் ஆரோக்கியராஜ், கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு தூத்துக்குடியில் இருக்கிற மகளோடு போய்த் தங்கப் புறப்பட்டவர். இருளப்பன் வந்து முதலில் டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தான், பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. முன்பக்கம் கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றினான், காய்ந்து கிடந்தது. அந்த மாதிரி வண்டியில் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்ப் கரண்டில் ஓடுவது, பின்பக்கம் டேங்கை ஒட்டி இருக்கும், சாவியைத் திருப்பினால் பத்துப் பதினைந்து தரம் டிக் டிக் என்று அடித்துக் குழாயை நிரப்பிவிட்டுத் தானாக நிற்கும். சாவியைத் திருப்பினான், சத்தமே இல்லை. பம்புக்கு வருகிற வயரில் டெஸ்ட் பல்பை வைத்தான், பளிச்சென்று எரிந்தது, ஆக, கரண்டு வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. பம்பின் எர்த் வயரை முடுக்கியிருந்த திருகில் துரு மண்டிக் கிடந்தது, அதை உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமாக்கி, இறுக முடுக்கி, மறுபடி சாவியைப் போட்டான்.

டிக். டிக். டிக். பம்ப் அடிக்க ஆரம்பித்தது, பதினைந்து போய், ஐம்பது போய், நூறு போயும் நிற்கவில்லை. குழாயில் ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை, டேங்கிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை, இதென்ன கூத்து என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, கிணற்றுச் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த தெருத் தலைவர் வெயிலுமுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஏலே, தண்ணி ஏறுது என்றார், பஸ் வருது என்கிற மாதிரி.

ஏறத்தான் செய்தது. ஒரு டிக்குக்கு ஒரு விரல்கடை. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் மட்டம் வந்து, அதற்கு மேல் ஏறாமல் நின்றது, நாக்கில் விட்டுப் பார்த்தால் கற்கண்டாக இருந்தது. சாவியை அணைத்தால் இறங்கியது, போட்டால் ஏறியது. பட்டறைத் தெருக்காரர்கள் ஒருத்தரும் அதிசயப்பட்டு வாயைப் பிளக்கவில்லை, மேலே இருக்கிறவன் அனுப்பாததையும் ஆபீஸில் இருக்கிறவன் அனுப்பாததையும் ஒரு காராவது கொண்டுவந்து கொடுத்ததே, அதுவரைக்கும் சரி என்று குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள், முதல் சண்டையே யார் குடம் முன்னால் என்பதில்தான் வந்தது.

அப்புறம் அந்தத் தெரு காரைச் சுற்றி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டது. பம்ப் ஓடப் பேட்டரி வேண்டுமே, அதற்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்தார்கள், டிராக்டர் வைத்திருந்தவன் டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்தான், ஷேர் ஆட்டோக்காரன் அவனுடையதை, ஒன்றும் இல்லாதவர்கள் கரண்டு போனால் விளக்கெரிக்க வைத்திருந்த பேட்டரியை. காருக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார்கள், செவ்வாய் வெள்ளி டயருக்கு மஞ்சள் தெளித்தார்கள், டிக் டிக் சத்தம் கேட்டுத்தான் குழந்தைகள் தூங்கின, சத்தம் ஒரு நொடி பிசகினால் தெருவே சோற்றுக் கையோடு எழுந்து நின்றது. கம்பவுண்டர் என் வண்டியைக் கொடுங்கப்பா என்று நாலைந்து நாள் கெஞ்சிப் பார்த்தார், அவர்களும் இன்னிக்கு ஒரு நாள் இருங்க ஐயா, இன்னிக்கு ஒரு நாள் இருங்க ஐயா என்று வீட்டுக்கு ஒரு வேளையாகச் சாப்பாடு போட்டு, ஆட்டுக்கால் சூப்பும் கருவாட்டுக் குழம்புமாகக் கவனித்ததில் அவருக்கு ஒரு சுற்றுச் சதை போட்டது, பிறகு கெஞ்சுவதைச் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வைத்துக்கொண்டார். தண்ணீரைப் பரிசோதிக்க வந்த ஆபீஸர் ரெண்டு செம்பு குடித்தார், பாட்டிலில் ஒரு செம்பு பிடித்தார், நல்லாத்தானே இருக்கு என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் இருளப்பன் மட்டும் அந்தச் சத்தத்தை நம்பவில்லை. அந்தப் பம்புக்குள் ரெண்டு சின்னப் பாயிண்டுகள் உண்டு, ஒன்றையொன்று தொட்டால் கரண்டு பாயும், விலகினால் அறுபடும், தொட்டுத் தொட்டு விலகுவதுதான் அந்த டிக் டிக். ஒவ்வொரு தொடலுக்கும் ஒரு பொறி, ஒவ்வொரு பொறிக்கும் ஒரு துளி உலோகம் காலி. பத்துத் தரம் அடித்து நிற்க வேண்டிய பம்ப் ராவும் பகலும் அடித்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மூன்று நாளுக்கு ஒரு தரம் உச்சிவெயிலில் அரை மணி நேரம் சாவியை அணைத்து, பம்பைத் திறந்து, கருகிய பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் பண்ணுவான், ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அது மெலிந்துகொண்டே வந்தது. மதுரைக்குப் போய் வேறு பாயிண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தான், பம்ப் அடித்தது, பெட்ரோல் சரசரவென்று முன்னால் வந்தது, கார் ஒரே இழுப்பில் கிளம்பியது, கிணறு கீழே போனது. தெரு அவனைத் தின்றுவிடுவது போலப் பார்த்தது. பழையதையே திருப்பிப் போட்டான்.

முதல் வாரத்திலேயே வெயிலுமுத்து கேட்டார், "ஏப்பா இருளப்பா, இது எத்தனை நாளைக்கு ஓடும்? ஒளிக்காமச் சொல்லு."

பக்கத்தில் அக்கா நின்றாள். தலைமுழுகி வந்திருந்தாள், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வீட்டிலேயே தலைமுழுகி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தான், வாய் அதுவாகச் சொல்லிவிட்டது, "அது பாட்டுக்கு ஓடும் சித்தப்பா."

பாழாய்ப்போன அந்த வார்த்தையை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடந்தது. தண்ணீர் ஏறிய செய்தி பரவினதும் ஒன்பது வருஷமாகக் கண்ணில் படாத தரகர்கள் செருப்புத் தேய வந்தார்கள். கரிசக்காட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தால் ஒரு முறை உண்டு, முதலில் கிணறு பார்ப்பார்கள், கிணறு தேறினால்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், அவனும் தேறினால் காபி குடிப்பார்கள், காபி குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அந்த முறைப்படி வந்து பார்த்து, பதினோரு பேரில் மூன்று பேருக்குக் காபி குடித்தாயிற்று, ஆவணியில் முகூர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் காபி ஆறும்போது இருளப்பன் காருக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தை எண்ணினான். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும், அடுத்த வீட்டில் குலவை கேட்கும், விழுங்கிவிடுவான்.

நாற்பதாம் நாள் வியாழக்கிழமை உச்சியில் பம்பைத் திறந்தான். பாயிண்டு பூண்டுத் தோலாக இருந்தது. இனிமேல் தேய்க்க அதில் ஒன்றுமில்லை, தேய்த்தால் கையோடு வந்துவிடும், அப்படியே வைத்து மூடினான். மூடிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா வந்து சொன்னாள், "நல்லாங்குளத்துல இருந்து ஆளு வந்துச்சுடா. நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம வீட்டுக்குக் கிணறு பாக்க வர்றாங்க. பொண்ணு பேரு ஆவுடைச்செல்வி." சொல்லிக்கொண்டே அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவன் கையில் இருந்த ஸ்பேனர் தவறிக் காலில் விழுந்தது, வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேனில், பெண்ணையும் சேர்த்து, ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் பெண்ணின் தாய்மாமன் சங்கிலி, கிடா மீசை, வந்த வேகத்தில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே கிணற்றடிக்குப் போனார். தகப்பனில்லாத பெண், அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டார், கயிற்றைவிட்டு ஆழம் பார்த்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கண்ணுக்குத் தெரியிற தண்ணியை நான் நம்பமாட்டேன். நாப்பது குடம் விடாம இறைங்க. மட்டம் இறங்காம நின்னா மாப்பிள்ளையக் காட்டுங்க, இல்லேன்னா வேன் அந்தால நிக்குது" என்றார்.

"நானூறு குடம்னாலும் இறைக்கலாம்" என்றார் வெயிலுமுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

தெருவே கூடிவிட்டது. மீதி இருந்த பத்து ஆண்பிள்ளைகளும் முறைபோட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள், இன்றைக்கு இருளப்பனுக்குத் தேறினால் நாளைக்கு நமக்கு என்று இன்னும் பெண் அமையாத ஏழு பேர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று என்று பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். இருளப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, அக்கா சொன்ன இடத்தில் அசையாமல் நின்றான், காது மட்டும் காரில் இருந்தது. டிக், டிக், டிக். ஏழு. டிக், டிக். எட்டு. டிக்.

அவ்வளவுதான். சத்தம் நின்றுவிட்டது.

எட்டாவது குடத்தை வாங்கின கை அந்தரத்தில் நின்றது.  மாமன் கிணற்றுக்குள் தலையைக் குனிந்து மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெருவின் முகத்தைப் பார்க்கவில்லை, வெயிலுமுத்து கண்ணாலேயே இருளப்பனைப் பிடித்துத் தள்ளினார், அவன் வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் பாய்ந்து படுத்து, ஸ்பேனரின் காம்பால் பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். டிக். ஒன்றே ஒன்று. மறுபடி தட்டினான், மறுபடி ஒன்று. பாயிண்டுக்குத் தானாகத் தொட இனி சீவனில்லை, தட்டினால் தொடுகிறது, தட்டாவிட்டால் இல்லை. இருளப்பன் தட்டினான். ஒன்பது. தட்டினான். பத்து. மல்லாக்கப் படுத்தபடி, கண்ணில் துரு கொட்ட, கை கடுக்க, ஒரு டிக்குக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு விரல்கடைத் தண்ணீர் என்று அந்தத் தெருவையே ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தான். பதினைந்து. இருபது. நாற்பது வந்துவிட்டால் போதும், அக்கா அடுப்பைப் பற்ற வைப்பாள், காபி குடித்துவிடுவார்கள், அப்புறம் நடப்பது நடக்கட்டும். கடவுளே, நாற்பது மட்டும்.

இருபத்துநாலாவது குடத்தில் காருக்கு அருகே ரெண்டு கால்கள் வந்து நின்றன. அரக்குப் பட்டுச் சேலை. சேலை மடிந்து, முட்டி மண்ணில் ஊன்றி, ஒரு முகம் அடியில் எட்டிப் பார்த்தது.

"மாப்பிள்ளை எங்கன்னு கேட்டா ஆளுக்கொரு பக்கம் கையக் காட்டுறாங்க" என்றாள் ஆவுடைச்செல்வி. "நீங்கதானா?"

"நான்தான்." தட்டினான்.

"எதுக்கு இதைப் போட்டு அடிக்கிறீங்க?"

பொய் சொல்ல நேரமில்லை, கையும் வாயும் சேர்ந்து பொய் சொல்ல அவனுக்கு வராது. "தட்டினாத்தான் தண்ணி நிக்கும். பாயிண்டு தேஞ்சுபோச்சு. இன்னிக்கோட முடிஞ்சுது."

"இது உங்க தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?"

"எனக்கு மட்டுந்தான் தெரியும். நாப்பது நாளாத் தெரியும்." தட்டினான். இருபத்தேழு.

அவள் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினாள். பிறகு, "என்னை ஏழு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தனுக்குக் குடி, மறைச்சாங்க. ஒருத்தனுக்கு மொதத் தாரம் உசுரோட இருக்கா, அதையும் மறைச்சாங்க. கேட்டதும் நெசத்தச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "நிறுத்தாதீங்க. நாப்பது ஆகட்டும். மாமா காபி குடிக்கட்டும். எனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல, அது போதும். குடத்தை நான்தான தூக்கப்போறேன்."

இருளப்பன் தட்டினான். முப்பத்தாறு வருஷத்தில் அவனிடம் இப்படி யாரும் பேசினதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு? ஏமாற்றவில்லை, அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் வருகிறேன் என்கிறாள், கை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் எல்லாம் கூடிவிடும். முப்பத்திரண்டு. தட்டினான். முப்பத்துமூன்று. சந்தோஷத்தில் கண் நிறைந்து, துருவும் தண்ணீருமாகக் காதுக்குள் ஓடியது. முப்பத்தைந்து. ஆவணியில் வரப்போகிற மூன்று பெண்களின் முகம் அவனுக்குத் தெரியாது, பெயர்கூடத் தெரியாது, அவர்களும் எங்கேயோ ஒரு வீட்டில் மருதாணி வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். முப்பத்தாறு.

"உங்களுக்கு நான் சொல்லிட்டேன்" என்றான். "அந்த மூணு பொண்ணுகளுக்கு யாரு சொன்னா?"

அவள் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தேழு. முப்பத்தெட்டு என்று தெரு கத்தியது, கத்தின கத்தலில் கூரைமேல் இருந்த காக்காயெல்லாம் பறந்தது, அக்கா ராக்கம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது, இன்னும் ரெண்டுதான், ரெண்டேதான். இருளப்பன் ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

முப்பத்தொன்பதாவதுக்குப் போன வாளி தண்ணீரில் விழவில்லை. சகதியில் சொத்தென்று விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அவன் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தான். முதுகெல்லாம் கருப்பு, முன்னெல்லாம் துரு. ஒளிக்காமல் சொன்னான், பாயிண்டு தேய்ந்ததை, நாற்பது நாளாகத் தெரிந்ததை, அது பாட்டுக்கு ஓடும் என்றது பொய் என்பதை, காபி குடித்துப்போன மூன்று வீட்டுக்கும் இன்றைக்கே நானே போய்ச் சொல்லப்போகிறேன் என்பதை. வெயிலுமுத்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தார், "படுபாவி, ரெண்டு குடம்டா, ரெண்டு குடம் பொறுக்க மாட்டியா" என்று உலுக்கினார். ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்த ஒருத்தன் கிணற்றுச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். கம்பவுண்டர் போய்ச் சாவியை மெல்லத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், அவரும் அழுதார். அக்கா மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சங்கிலி துண்டை உதறினார். "ஏறுங்க எல்லாரும்" என்றார். வேன் உறுமிக் கிளம்பத் தயாரானது, மற்ற ஏழு பேரும் ஏறினார்கள், ஆவுடைச்செல்வி ஏறவில்லை. முட்டியில் மண்ணோடு காருக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றாள்.

"ஏறு தாயி."

"கிணறு பாத்தாச்சு மாமா" என்றாள். "மாப்பிள்ளைய இன்னும் பாக்கலியே."

"கிணறே தேறல, மாப்பிள்ளைய என்னத்துக்குப் பாக்கணும்?"

"பாருங்க."

ஒரு காலை வேன் படியில் வைத்திருந்த மனுஷர் அந்தக் காலை எடுத்தார். கூட்டம் விலகியது, வெயிலுமுத்துவின் கை சட்டையைவிட்டுத் தானாக இறங்கியது. சங்கிலி இருளப்பன் முன்னால் வந்து நின்று, உச்சி முதல் உள்ளங்கால் வரை, கிணற்றைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார். தட்டித் தட்டித் தோலுரிந்திருந்த வலது கையைப் பிடித்துத் திருப்பியும் பார்த்தார்.

"இதைக் காபி குடிச்சதுக்கப்புறம் சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அதுக்கப்புறம் சொல்ல எனக்கு வாய் வராது மாமா" என்றான் இருளப்பன். ஐயா என்றுதான் சொல்ல நினைத்திருந்தான்.

மாமா என்ற சொல் தெருவில் அப்படியே நின்றது. சங்கிலி மருமகளைத் திரும்பிப் பார்த்தார், அவள் தலையைக் குனியவில்லை. வேன்காரனிடம், "வண்டியை அணைச்சுப் போடுப்பா, டீசல் வீணாகுது" என்றார். பிறகு ராக்கம்மாளைப் பார்த்து, "ஏந்தாயி, அடுப்புல எதுவும் வச்சிருக்கியா?" என்றார்.

ராக்கம்மாள் ஓடினாள். அழுதுகொண்டே விறகைத் தள்ளினாள், முப்பத்தெட்டாவது குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் கொதிக்க வைத்தாள், கடைசியாக வந்த தண்ணீர், வடிகட்டியும் அடியில் கரிசல் தங்கியது. சங்கிலி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, ஊதி ஊதி, டம்ளரின் அடியில் கிடந்த மண்ணோடு அந்தக் காபியைக் குடித்து முடித்தார்.